பஸ்ராவில் எழுதாத பெயர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் புகைப்படமும் கிடைத்தன. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போய்த் திரும்பாத உங்கள் பெரிய தாத்தாவின் நினைவாக அரசு அனுப்பிய வெண்கலத் தகடு, பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. படத்தில் பிரிட்டனைப் பெண்ணாக உருவகிக்கும் பிரிட்டானியாவும் சிங்கமும் களிம்பேறி மங்கியிருந்தாலும், சிறு கட்டத்துக்குள் புடைப்பெழுத்தில் வார்த்திருக்கும் அவர் பெயர் தெளிவாகத் தெரிகிறது. பதவி இல்லை. சாவில் தளபதியும் சிப்பாயும் ஒன்றே என்பதற்காக, அந்தத் தகட்டில் எவருக்குமே பதவி பொறிக்கவில்லை.

அந்த நியாயம் ஈராக்கின் பஸ்ராவில் நிலைக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னம், அந்தப் போர்முனையில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைத் தனித்தனியே செதுக்கியவர்கள், இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோரைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நிறுத்திவிட்டார்கள். இறந்தவர் அனைவரையும் வேறுபாடின்றிப் பெயர் சொல்லிப் போற்றவேண்டும் என்ற கொள்கையோடு 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையமே இதைச் செய்தது. அந்தப் போரில் மாண்டவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அதன் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டார்கள்.

நம் நாட்டு வழக்கம் அப்படியா இருந்தது? செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல்லை நினைத்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஆட்சியில், மாடுகளைக் காக்கப் போராடி இறந்த வீரனின் பெயரோடு, கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயரையும், கோவிவன் என்று கல்லில் வெட்டினார்கள்.

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரை வீரர் என்று போற்றலாமா என்று உங்கள் தம்பி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அந்தப் போரை நம்மிடம் கேட்டு எவரும் தொடங்கவில்லை. சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தவர்களே அதிகம். ஆனாலும், தீர்ப்பு எழுதுவது நம் வேலையில்லை. உங்கள் பெரிய தாத்தாவைத் தியாகி என்றும் சொல்லவேண்டாம், கூலிப்படை என்றும் சொல்லவேண்டாம். இன்னாருடைய மகன், இந்த ஊர்க்காரர், இந்தப் படைப்பிரிவில் இருந்து இந்த மண்ணில் இறந்தார் என்ற உண்மையை எழுதினால் போதும். இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையன்று மட்டும் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவந்த உங்கள் அப்பா, அதைவிட அதிகமாக எதையும் கேட்டிருக்க மாட்டார்.

ஆகவே உங்கள் குலதெய்வக் கோயில் வாசலில் ஒரு சிறிய கல் நடலாம் என்பது என் எண்ணம். அதற்கு முன், தகட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே படியெடுத்து அனுப்புங்கள். அக்கால எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால், ஆணையத்தின் பதிவேட்டில் வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடவேண்டியிருக்கும். பெரிய தாத்தாவுடைய தகப்பனார் பெயர் உங்கள் அத்தைக்குத் தெரியுமா என்று உடனே கேளுங்கள். அவருக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடவேண்டாம். படைப்பிரிவு இன்னது என்று உறுதியானதும் கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தை எழுதி அனுப்புகிறேன், தம்பியிடமும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்