உலாவி ஒப்பீட்டில் விடுபட்ட விசைப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய உலாவிகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, வேகம், நினைவகப் பயன்பாடு, பாதுகாப்பு ஆகியவற்றை விரிவாக அலசியிருந்தது. ஆனால், விசைப்பலகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மணிக்கட்டு வலி காரணமாக மவுஸைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாள்முதல் விசைகளை மட்டுமே நம்பி வேலை செய்து வருபவன் என்ற முறையில், அந்த விடுபடலைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அடிப்படைக் குறுக்குவிசைகளில் குறையில்லை. விண்டோஸ் கணினியில் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய மூன்றிலும் கண்ட்ரோலுடன் ‘எல்’ எழுத்தை அழுத்தினால் முகவரிப் பட்டைக்குப் போய்விடலாம். அடுத்த படியில்தான் சிக்கல் தொடங்குகிறது. தடம் பதியாத தனிச் சாளரத்தைத் திறக்க, குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டுடன் ‘என்’ எழுத்தை அழுத்துகிறோம். அதே விசைகளை ஃபயர்பாக்ஸில் அழுத்தினால், சற்றுமுன் மூடிய சாளரம் மீண்டும் திறந்துகொள்ளும். பிறர் பார்க்கக் கூடாதென்று மூடிய பக்கமே, கைப்பழக்கத்தால் திரையில் வந்து நிற்பதைச் சிறிய வேறுபாடு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பேக்ஸ்பேஸ் விசையின் கதை இன்னும் கவனத்துக்குரியது. முன்பு அது முந்தைய பக்கத்துக்குத் திரும்பவும் பயன்பட்டது. நீண்ட படிவத்தை நிரப்பும்போது கர்சர் கட்டத்துக்கு வெளியே இருப்பதை அறியாமல் அதை அழுத்தியவர்கள், தட்டச்சு செய்த அனைத்தையும் இழந்தார்கள். குரோம் 2016-லும் ஃபயர்பாக்ஸ் 2021-லும் இந்தப் பயன்பாட்டை நீக்கியது சரியான முடிவே. ஆயினும், பழைய வழக்கம் வேண்டுவோர் அமைப்பை மாற்றி அதைத் திரும்பப் பெற ஃபயர்பாக்ஸ் இடம் வைத்தது. குரோமிலோ அதற்கென ஒரு நீட்சியை, அதாவது உலாவியுடன் சேரும் கூடுதல் நிரலை, நிறுவ வேண்டியிருந்தது. பயனரை மதிப்பது முன்னதே என்பது என் கருத்து. விவால்டி உலாவி ஒருபடி மேலே சென்று, குறுக்குவிசைகளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது.

மேக் கணினியின் சஃபாரியில், பக்கத்தில் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர உதவும் டேப் விசை, இயல்பு அமைப்பில் இணைப்புகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் நிற்க ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும், அல்லது மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று அதற்கான தேர்வை இயக்க வேண்டும். மவுஸைப் பிடிக்க இயலாத ஒருவர் முதன்முறை அந்த உலாவியைத் திறக்கும்போது, பக்கத்தில் இணைப்புகளே இல்லை என்றல்லவா நினைத்துவிடுவார்? இத்தகைய அடிப்படை வசதி தொடக்கத்திலிருந்தே இயங்க வேண்டும்.

அடுத்த முறை ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுபவர், மவுஸின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு உலாவியிலும் ஒரு படிவத்தை நிரப்பி, ஒரு கோப்பைப் பதிவிறக்கி, மூடிய பக்கத்தை மீட்டுப் பார்த்து, எங்கெங்கே தடை ஏற்பட்டது என்பதையும் பதிவு செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்