கூண்டுக்குப் பக்கத்துக் கயிற்றையும் கணக்கில் சேருங்கள்

கடல் மீன் பண்ணைகளுக்கு உரிமமும் கடனும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மீன் கூண்டுக்குப் பக்கத்திலேயே கயிறு கட்டி மட்டியும் சிப்பியும் வளர்க்க அனுமதி கேட்டு ஒரு மனு வந்தால், "மட்டி விற்று எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். மட்டி விலை மீன் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மனு அதோடு ஓரங்கட்டப்படுகிறது. அந்தக் கணக்கில் பாதி விடுபட்டிருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

கூண்டு மீன் வளர்ப்பில் பெரிய செலவு தீவனம். பல பண்ணைகளில் நடைமுறைச் செலவில் பாதி அதற்கே போய்விடுகிறது. தீவனத்திலுள்ள நைட்ரஜனிலோ பாதிக்கும் குறைவுதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மீதி அம்மோனியாவாகக் கரைகிறது, எச்சமாகவும் தின்னாத துணுக்காகவும் மூழ்குகிறது. காசு கொடுத்து வாங்கிய சத்து கடலோடு போவது பண்ணைக்காரரின் ஏட்டில் தனியாகத் தெரிவதே இல்லை. அந்தச் சத்தால் விரிகுடாவில் நுண்பாசி பெருகி ஆக்சிஜன் குறையும்போது அந்தச் செலவு அக்கம்பக்கத்தார் தலையில் விழுகிறது.

மட்டி தன் இரு ஓடுகளையும் லேசாகத் திறந்து, செவுள் வழியே நீரை இழுத்து, அதிலுள்ள நுண்பாசியையும் நுண்துகளையும் வடிகட்டித் தின்கிறது. தனித் தீவனம் வேண்டாம். அறுவடையாகும் ஒவ்வொரு டன் மட்டியோடும் ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ நைட்ரஜன் கடலைவிட்டு வெளியேறுகிறது. இந்த வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

சரி, மீன் கழிவைத் தின்று மட்டி கொழுத்துவிடும் என்று யாராவது வந்து சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். டாஸ்மேனியாவில் சால்மன் கூண்டருகே மட்டி வளர்த்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் வளர்ச்சி பெரிதாகக் கூடவில்லை. நீரோட்டம் துகள்களைக் கலைத்துவிடுகிறது. கனமான எச்சம் கயிற்றுக்குக் கீழே விரைவாக இறங்கிவிடுகிறது. அடியில் விழுவதற்குக் கடல் அட்டையும், கரைந்த அம்மோனியாவுக்குக் கடற்பாசியும்தான் பொருத்தம். அதனால் கூண்டோரத்து மட்டி எவ்வளவு பருத்தது என்று அளந்து இந்த முறையை எடைபோடாதீர்கள். அம்மோனியாவை உண்டு வளர்ந்த நுண்பாசியை அதே விரிகுடாவில் வேறொரு மூலையில் தொங்கும் மட்டி தின்றாலும் நைட்ரஜன் வெளியேறத்தான் செய்யும். படகும் ஆட்களும் இரண்டு வளர்ப்புக்கும் பொதுவாக உதவுவது தனி ஆதாயம். மீனுக்கு நோய் வந்த வருடத்தில் மட்டி கைகொடுக்கும். நச்சுப் பாசி பெருகி மட்டி அறுவடையை நிறுத்திவைக்கும் மாதங்களில் மீன் வருமானம் இருக்கும்.

விதிகளும் தடையாக நிற்கின்றன. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஆய்வாளர் தியரி ஷோபானும் கூட்டாளிகளும் 2001 முதல் சால்மன், மட்டி, கெல்ப் என்ற பெரிய கடற்பாசி மூன்றையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். மீன் கூண்டிலிருந்து 125 மீட்டருக்குள் மட்டி அறுவடை செய்யக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. மட்டியைப் பரிசோதித்துப் பார்த்த பிறகே அது திருத்தப்பட்டது. உங்கள் விதிகளிலும் இப்படி ஒரு தூரக் கணக்கு இருந்தால், அதன் இடத்தில் மருந்து எச்சத்துக்கும் கிருமிக்கும் முறையான பரிசோதனையை வையுங்கள். பரிசோதனையைத் தளர்த்தச் சொல்லவில்லை. உண்பவர் பாதுகாப்பில் சமரசம் கூடாது.

பணம் கொடுப்பதற்கும் முன்மாதிரி உண்டு. சுவீடனின் லைசெகில் நகராட்சி, கழிவுநீரில் நைட்ரஜனை நீக்கும் வசதி கட்டுவதற்குப் பதிலாக, மட்டி அறுவடைக்குப் பணம் கொடுத்தது. மட்டி வளர்க்கும் ஒரே நிறுவனத்திடம் அந்த வேலை இருந்தது, ஏற்பாடு நிலைக்கவில்லை. ஒரே நிறுவனத்தை நம்பினால் வரும் ஆபத்து அது. ஆனால் வெளியேற்றிய நைட்ரஜனுக்கு விலை வைக்க முடியும் என்பது அங்கே நடந்தே காட்டப்பட்டது.

ஆகவே மீனுக்கும் மட்டிக்கும் தனித்தனியாக அலையவிடாமல் ஒரே உரிமம் கொடுங்கள். வெளியேற்றிய ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் பணமாகவோ கட்டணத் தள்ளுபடியாகவோ தாருங்கள். மட்டி வளர்ந்து விற்பனைக்கு வரக் காலம் பிடிக்கும். கடனின் முதல் தவணையை அதற்குப் பிறகு வையுங்கள். நச்சுப் பாசியால் அறுவடை நிற்கும் மாதங்களில் தவணையையும் நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
கடல் பண்ணைகளின் வரவு செலவைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒருவர்