சின்னப் பெட்டியின் இரைச்சல்: பத்மாவுக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்
கத்திரி தொடங்கிய வாரம்

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வேலை உறுதியானதைப் படித்ததும் அவளுக்கே தொலைபேசியில் பேசி வாழ்த்தும் சொல்லிவிட்டேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா தானாகவே மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி எனக்குப் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு இவர் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் வரை நடந்துவிட்டு வருகிறார். பகலில் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம். கடற்காற்று உள்ளே வர மதியம் கடந்துவிடுகிறது.

குடும்பச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்து கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பதற்காக வாங்கிய சின்னக் கம்ப்யூட்டர் இரைகிறது, தொட்டால் சுடுகிறது, கடைக்காரர் இன்னும் இரண்டு ஃபேன் பொருத்தச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பொருத்தாதே. அதைச் சொல்லத்தான் இத்தனை அவசரமாகப் பதில் எழுதுகிறேன்.

நான் இப்போது பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வாசிக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவேன், சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுவேன், ஜன்னலையும் சாத்திவிடுவேன். அப்போது அறையில் மிஞ்சுவது என் குரலும் மேசையிலிருக்கும் இந்தச் சின்னப் பெட்டியின் சத்தமும்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையன் என் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறான். அந்த வேகத்தில் பின்னணி இரைச்சல் குரலின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, சில சொற்களின் கடைசி எழுத்து கேட்பதில்லை என்றான். மணிக்கணக்காகக் காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு களைப்பைத் தரும் என்று நினைத்துப் பார். அன்றிலிருந்து இந்தப் பெட்டியை விடாமல் ஆராய்ந்துவருகிறேன்.

என் தங்கை மகன் சேர்த்துக் கொடுத்த பெட்டி இது. மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, 170 மில்லிமீட்டர் சதுரம். வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு, இன்றும் மாறவில்லை. அதன்மேல் இன்டெல் ஐ5 12400 பிராசஸர். அதற்கு மேலே 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள நாக்டுவா நிறுவனத்தின் கூலர், 92 மில்லிமீட்டர் ஃபேன். இவ்வளவு குறுகிய இடத்தில் வெப்பமும் சத்தமும் சேராமல் என்ன செய்யும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் பெட்டியின் அளவைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்த நியூட்டனின் குளிர்தல் விதிச் சோதனை நினைவிருக்கிறதா? காலரிமீட்டரில் வெந்நீர், ஒரு கையில் நிறுத்துக்கடிகாரம், நீ வெப்பநிலையைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, வெப்பம் அவ்வளவு வேகமாக வெளியேறும். நம் பிரச்சினை முழுவதும் அதில் அடக்கம். கத்திரியில் என் அறை 34 டிகிரி. ஹீட்சிங்கை, அதாவது பிராசஸரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் கூலரின் உலோகப் பகுதியை, 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வித்தியாசம் 26 டிகிரிதான். 80 டிகிரி வரை விட்டால் வித்தியாசம் 46 ஆகிவிடுகிறது. அதே வாட் வெப்பத்தை வெளியேற்ற ஃபேன் முன்பைவிட மிகக் குறைவாக உழைத்தால் போதும். அதாவது, 60ஐத் தாண்டக்கூடாது என்ற பயம்தான் இரைச்சலாகக் கேட்கிறது. இந்த இன்டெல் பிராசஸருக்கு நிறுவனமே வகுத்த எல்லை 100 டிகிரி. உன்னுடைய ரைசன் 7 5700ஜி பிராசஸருக்கு 95. எல்லையை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடும் வேலையின்போது 80 காட்டினால் அது நோயில்லை.

ஃபேனின் வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு லாபம் தெரியுமா? ஒரே ஃபேன் பாதி வேகத்தில் சுற்றினால் காற்று பாதியாகிறது, ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்குகிறது. நாக்டுவாவின் அந்த ஃபேன் உச்சத்தில் நிமிடத்துக்கு 2500 சுற்று. 1200ஐ ஒட்டிச் சுற்றும்போது என் மைக் அதை அநேகமாகக் கவனிப்பதே இல்லை. கடைக்காரர் சொல்லும் இரண்டு கூடுதல் ஃபேன்கள் அந்தப் பெட்டியில் நுழைய வேண்டுமென்றால் 40 அல்லது 60 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். சின்ன ஃபேன் உருப்படியாகக் காற்றுத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுற்ற வேண்டும், அதன் சத்தமும் கீச்சென்று காதைத் துளைக்கும் வகை. காசைக் கொடுத்து இரைச்சல் வாங்குவது எதற்கு?

ஆகவே முதலில் கை வைக்க வேண்டிய இடம் வெப்பம் பிறக்கும் இடம். 12400க்கு அடிப்படை 65 வாட் என்று போட்டிருந்தாலும், வேகமெடுக்கும்போது 117 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. என் மதர்போர்டு அந்த உச்சத்தைக் கால வரம்பே இல்லாமல் திறந்துவிட்டிருந்தது. 37 மில்லிமீட்டர் கூலர் 117 வாட்டை எப்படிச் சமாளிக்கும்? கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் போய் நீண்டநேர வரம்பை 50 வாட், குறுகியநேர வரம்பை 65 வாட் என்று கட்டிவைத்தேன். வேகம் குறைந்துவிடுமே என்று கேட்பாய். சிப் செலவழிக்கும் மின்சாரம் அதிர்வெண்ணோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கொஞ்சம்தான் பெரும்பங்கு வெப்பத்தைக் கொண்டுவருகிறது. அதை விட்டுக்கொடுத்ததில் நீளமான ஒலிக்கோப்புகளைச் சுருக்கும்போது சற்றே தாமதமாகிறது. எழுத்து வேலையிலும் பதிவிலும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. உன் ரைசனும் 65 வாட் என்று பெயர் போட்டுக்கொண்டு 88 வாட் வரை போகும். பயாஸில் அதை 45 வாட் நிலைக்கு மாற்றினால் 61 வாட்டோடு நின்றுவிடும். எக்செல் கணக்குக்கு அது தாராளம்.

அடுத்தது ஃபேன் ஏறி இறங்கும் விதம். நீ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி, “சத்தத்தைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான் எரிச்சல்” என்பது. சரியாகப் பிடித்திருக்கிறாய். ஒரு கோப்பைத் திறந்தாலே பிராசஸர் ஒரு நொடியில் பத்து பதினைந்து டிகிரி தாவும், மறுநொடியே இறங்கிவிடும். மதர்போர்டு அதை நம்பி ஃபேனை விரட்டும், உடனே அடக்கும். ஹீட்சிங்கின் உலோகம் அதற்குள் சூடாகியே இருக்காது. பயாஸில் ஃபேன் வளைவு என்ற பகுதி இருக்கும். அதில் 65 டிகிரி வரை ஒரே குறைந்த வேகம், அங்கிருந்து 85 வரை மெல்ல ஏற்றம், 90ஐத் தாண்டினால் முழு வேகம் என்று வரைந்துவிடு. வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில நொடித் தாமதம் கொடுக்கும் வசதியும் பல போர்டுகளில் உண்டு. தேடிப்பார்த்து அதை அதிகபட்சமாக வை. ஒரே சீராக வரும் மெல்லிய சத்தத்தை மனம் சீக்கிரம் மறந்துவிடும். ஒலியைச் சுத்தம் செய்யும் மென்பொருளுக்கும் சீரான சத்தத்தை நீக்குவதுதான் எளிது. ஏறி இறங்கும் சத்தத்தை நீக்கப்போனால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.

இனிக் காற்றின் வழி. என் பெட்டியில் கூலரின் ஃபேனுக்கும் பக்கவாட்டுத் துளைத் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ஹீட்சிங்கில் பட்டுச் சூடான காற்று அந்த இடைவெளி வழியே திரும்பி வந்து மறுபடியும் ஃபேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவு ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் சீலிங் ஃபேனைச் சுழலவிட்டதுபோல அதே சூடு சுற்றிச் சுற்றி வந்தது. அடர்த்தியான ஃபோமை ஃபேனின் அளவுக்கு வட்டமாக வெட்டி, வளையமாக அந்த இடைவெளியில் பொருத்தினேன். இப்போது ஃபேன் வெளிக்காற்றை மட்டுமே இழுக்கிறது. ஆறேழு டிகிரி இறங்கியது, பைசா செலவில்லை. வளையம் ஃபேன் சட்டத்தில் நன்றாக ஒட்டி இருக்க வேண்டும். அதே சமயம் ஃபேன் இறக்கைக்கு மிக அருகில் துளைத் தகடு வந்துவிட்டால் புதிதாக ஒரு ஊளைச் சத்தம் கிளம்பும், அதையும் கவனி. பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருக்கிறாயா? முதல் வேலையாக வெளியே எடு.

நீ சொல்லும் அடிநாதமான “ம்ம்ம்” சத்தம் ஃபேனுடையது அல்ல என்று நினைக்கிறேன். உள்ளே 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றாய். 7200ஐ 60ஆல் வகுத்துப் பார், நொடிக்கு 120 அதிர்வு. அது தகட்டுக்குப் போய், தகட்டிலிருந்து மேசைக்குப் போய், மேசைப் பலகை முழுவதும் சேர்ந்து முழங்குகிறது. பெட்டியைக் கையில் சற்றுத் தூக்கிப் பிடித்துக் கேள். சத்தம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி அதுதான். தினசரி வேலைக்குச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போதும். பழைய கோப்புகள் உள்ள டிஸ்க்கை வெளியே எடுத்து, தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள். பவர் சப்ளையை மட்டும் நீயும் திறக்காதே, தெரிந்தவர் என்று யார் சொன்னாலும் அவரையும் திறக்கவிடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து படியும், ஈரத்தை இழுக்கும், இணைப்பு ஊசிகளை அரிக்கும். ஃபேன் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பும் தூசியும் உள்ளே வரும். மெதுவாகச் சுற்றும் ஃபேனை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். நுழைவாயிலில் நைலான் வலை போட்டிருக்கிறேன். அதைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுவேன். உங்கள் கோயம்புத்தூரில் உப்பில்லை, ஆனால் தூசி இருக்கிறது. புளோயரால் ஊதும்போது ஃபேனைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள். ஆண்டுகள் பல ஓடிய இயந்திரம் என்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டையும் மாற்ற வேண்டியிருக்கும், அது காய்ந்து போயிருக்கும்.

வாட்டைக் குறைத்ததில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது உனக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துகிடந்ததைப் பார்த்துவிட்டு நீ அழுதாயே. அதற்குப் பிறகு வாங்கிய இன்வெர்ட்டரில்தான் மின்தடை நேரத்தில் இந்தப் பெட்டி ஓடுகிறது. இப்போது அதே பேட்டரியில் முன்பைவிட அதிக நேரம் தாங்குகிறது, பாடத்தின் நடுவில் நிறுத்த வேண்டியதில்லை.

மைக் பற்றியும் ஒரு வார்த்தை. உன் மகள் இணையவழி வகுப்பெடுக்கப் போகிறாள் என்றாய் அல்லவா? கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கக் காது கிட்டத்தட்டக் கேட்காது. அந்தப் பின்பக்கம் கம்ப்யூட்டரைப் பார்க்கும்படி வைக்கச் சொல். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் இன்னும் 6 டெசிபல் வரை இறங்கும். திறந்த வெளிக் கணக்கு அது, சின்ன அறையில் சற்றுக் குறையும், ஆனாலும் பலன் உண்டு.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்யாதே. ஒன்றை மாற்றியதும் அரைமணி நேரமாவது கடும் வேலை கொடுத்து, வெப்பநிலை ஏறாமல் நின்ற பிறகு குறித்துக்கொள். அறையின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுது. அது இல்லாவிட்டால் காலைக் கணக்கையும் மதியக் கணக்கையும் ஒப்பிட முடியாது. நம் சோதனைக் குறிப்பேடு போலவே கட்டம் போட்டு எழுது, உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைகாசியில் பாடலீஸ்வரர் தேருக்கு வருவதாகச் சொன்னாய். வரும்போது அந்தப் பெட்டியையும் கொண்டுவா. ஃபோம், பேஸ்ட், திருப்புளி எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அதற்கு முன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபேனுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. வளையத்தை முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுகிறேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கலைவாணி