நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு: பாலத்துக்காரர்களிடமிருந்து ஒரு மடல்

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன்.

2028 அதிபர் தேர்தலைக் குறிவைக்கும் ஆளுநர்களும் முன்னாள் ஆளுநர்களும் உங்கள் ஊர் டவுன் ஹால் கூட்டங்களுக்கு வரத்தான் போகிறார்கள்; கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் உங்கள் மாநிலத்தில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறதே. கை குலுக்குவார்கள், பட்ஜெட்டைத் தூக்கி நிறுத்திய கதை சொல்வார்கள். அதற்கு முன் எங்கள் பாலத்தின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

2013 செப்டம்பர் 9, திங்கட்கிழமை. எங்கள் மாநிலத்தின் போர்ட் லீ ஊரில் பள்ளி திறந்த முதல் நாள். நியூயார்க்குக்குப் போகும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் ஏற அந்த ஊருக்கென்று இருந்த மூன்று தடங்களைக் கூம்பு வைத்து ஒன்றாகக் குறுக்கிவிட்டார்கள். ஸ்கூல் பஸ்கள் நகரவில்லை, ஆம்புலன்ஸ்கள் தாமதமாயின. வெள்ளிக்கிழமை காலை வரை இதே கூத்து. கேட்டால் 'போக்குவரத்து ஆய்வு' என்றார்கள்.

நவம்பரில் எங்கள் அன்றைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் கிறிஸ் கிறிஸ்டி, சுமார் 60 சதவீத வாக்குடன் மறுபடி ஜெயித்தார், அதுவும் ஜனநாயகக் கட்சியின் கோட்டையில். அடுத்த அதிபர் வேட்பாளர் இவர்தான் என்று பேச்சு. டிசம்பரில் நிருபர்கள் பாலத்தைப் பற்றிக் கேட்டபோது, கூம்பு வைத்ததே நான்தான், யாருக்கும் தெரியாது என்று கிண்டலடித்தார்.

ஜனவரி 8 அன்று மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 'போர்ட் லீக்குக் கொஞ்சம் டிராபிக் தொல்லை கொடுக்க நேரம் வந்தாச்சு' என்று அவர் அலுவலகத்தின் பிரிட்ஜெட் கெல்லி ஆகஸ்டிலேயே எழுதியிருந்தார். கிறிஸ்டியை ஆதரிக்க முன்வராத மேயருக்குப் பாடம் புகட்டுகிறார்களாம். பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, 'எதிர்த்து நிற்பவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் பிள்ளைகள்தானே' என்று கெல்லிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எனக்கு இன்றும் ஆறாதது அந்த ஒரு வரிதான்.

தனக்கு எதுவும் தெரியாது என்றார் கிறிஸ்டி. அரசு வழக்கறிஞர்களும் அவர் மீது வழக்குத் தொடரவில்லை. 2016 பிப்ரவரியில் உங்கள் பிரைமரியில் ஆறாம் இடம், சுமார் 7 சதவீதம், மறுநாளே விலகினார். பாலம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அடாவடிப் பேச்சுக்கு அதற்குள் டிரம்ப் வந்துவிட்டார். ஆனால் முன்வரிசையில் இருந்தவரைப் பின்வரிசைக்குத் தள்ளியது அந்த ஜனவரிதான் என்பது என் கணிப்பு.

இந்த விவகாரத்தில் கெல்லிக்குக் கிடைத்த தண்டனையை 2020இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. நடந்தது அதிகார துஷ்பிரயோகம்தான், ஆனால் சொத்து மோசடிச் சட்டத்துக்குள் வராது என்றார் நீதிபதி எலினா கேகன். இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 'கோர்ட்டே விட்டுவிட்டது' என்று எந்த ஆளுநர் வந்து சொன்னாலும், தீர்ப்பு எதைப் பற்றியது என்று கேளுங்கள். கிறிஸ்டிக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். இப்படிச் செய்தால் ஐயா சந்தோஷப்படுவார் என்று அவர் ஆட்களுக்கு எப்படித் தோன்றியது? அதே மாதிரி ஆட்கள் கையில் நாளை வருமான வரித் துறை இருக்கும்.

ஆகவே மைக் உங்கள் கைக்கு வரும்போது, அவர் அலுவலகத்தில் தப்பு நடந்தபோது யாருக்கு முதலில் தெரிந்தது, வெளியே வர எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். அவர் ஜோக் அடித்தால் சிரியுங்கள். அப்புறம் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் குடியிருக்கும் ஒரு தமிழன்