பத்தாவது சீட்டு

அன்புள்ள முருகேசன்,

மூட்டுவலி தணிந்து மறுபடி காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது. அதை நேரில் சொல்கிறேன்.

உன் தம்பி மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதமாக ஆப்ஷன் விற்கிறான், அதாவது பங்குச் சந்தையில் விலை எதிராக நகர்ந்தால் ஈடு தருவதாக ஒப்புக்கொண்டு அதற்கு முன்கூட்டியே பிரீமியம் என்ற கட்டணம் வாங்குகிறான், வாராவாரம் அது வருகிறது, நட்டமே பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். நான் வருடக்கணக்கில் வகுப்பில் நடத்திய அயோவா சீட்டாட்டம் உடனே நினைவுக்கு வந்துவிட்டது. வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்.

அயோவா பல்கலைக்கழகத்தில் பெச்சாரா, டமாசியோ குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு அது. மேசைமேல் நான்கு கட்டுகள், கையில் 2,000 டாலர் விளையாட்டுப் பணம். முதல் இரண்டு கட்டுகளில் எந்தச் சீட்டை எடுத்தாலும் 100 டாலர் வரவு. மற்ற இரண்டில் 50தான். நடுநடுவே அபராதமும் விழும். பத்துச் சீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 100 தரும் கட்டுகள் 250 டாலரைப் பிடுங்கியிருக்கும். 50 தருபவை 250 டாலர் மிச்சம் தந்திருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எடுத்து எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லத் தெரியுமுன்பே, கெட்ட கட்டுக்குக் கை போகும்போது உள்ளங்கை வேர்க்கிறது என்று அதே குழுவினர் 1997இல் எழுதினார்கள். பெரிய பரபரப்பு. 2004இல் மையா, மெக்லெலண்ட் என்ற ஆய்வாளர்கள் கேள்விகளைச் சரியாகக் கேட்டுப் பார்த்தபோது, எந்தக் கட்டு கெட்டது என்ற விவரம் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வேர்வைக்கு அவ்வளவு மகிமை கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எனக்குச் சுவையானது இரண்டாவது கட்டு. முதல் கட்டில் பத்துக்கு ஐந்து சீட்டில் அபராதம். அதை ஆட்கள் சீக்கிரமே கைகழுவிவிடுகிறார்கள். இரண்டாவதில் ஒன்பது சீட்டு சுத்த லாபம், ஒரே ஒரு சீட்டில் 1,250 டாலர் அடி. மொத்த நட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் நல்ல ஆரோக்கியமான ஆட்கள்கூட இரண்டாவது கட்டை விடுவதில்லை என்று தைவான் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பத்துக்கு ஒரு தடவை மட்டும் சுட்டால் பூனை திரும்பி வந்துவிடுகிறது.

ஒவ்வொரு சீட்டுக்கும் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து மனம் தன் விருப்பத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறது. அண்மையில் நடந்ததற்கே அதில் எடை அதிகம். பெரிய அடிக்குப் பின் வரும் ஒன்பது லாபங்கள் அந்த அடியை மனதிலிருந்து அழித்துவிடும். அந்தச் சீட்டு இன்னும் வரவே இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆப்ஷன் விற்பவனுடைய கட்டும் இதே வகைதான்: பல நாள் சிறு வரவு, ஒரு நாள் பேரடி. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியே சொல்லியிருக்கிறது. வாங்கியவர்களும் அதில் அடக்கம் என்றாலும் சிறிய எண் அல்ல.

பையனிடம் புத்திமதி சொல்லாதே, எடுபடாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று, பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் இறங்கியது. இன்று அவன் விற்று வைத்திருப்பதை அப்படி ஒரு நாளில் வைத்து, கையை விட்டு எவ்வளவு போகும் என்று அவனையே தாளில் எழுதச் சொல். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடட்டும். இரவு எட்டு மணிக்குமேல் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
ராமநாதன்