அத்தை பெயருக்கு எதிரே எழுதியதை அடித்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னதில்தான் தப்பு நடந்துவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. காராச்சேவு தனியாகக் கொரியரில் வருகிறது. இதையும் அதற்குள்ளேயே வைக்கலாம் என்றாள் அம்மா, எண்ணெய் பட்டுவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சமூகவியல் பாடத்துக்கு வேண்டும் என்று மூன்று தலைமுறைக் கணக்குக் கேட்டாய். தாத்தா, பாட்டி என்ன படித்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எத்தனை வயதில் கல்யாணம், அப்புறம் அப்பாவோடு பிறந்தவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை முறை வந்தது. "அஞ்சாவதோட நின்னுட்டா, அவளுக்குப் படிப்பு ஏறல" என்றேன். நீ லேப்டாப்பில் தட்டிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த நேரத்தில் அத்தை எனக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீரை ஆய்கிற கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

நான் சொன்னது பொய், பாப்பா. அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பில் அவள்தான் முதல் ரேங்க். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அவள்தான். 1978ல் தாத்தாவுக்குக் கடன். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி, இரண்டு வருஷமாக வெள்ளாமை இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்தார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வந்தது. அவள் தூக்குச் சட்டியோடு ஏறிப்போனாள். பாவாடையில் தூக்கம் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி அவள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. குச்சி அடுக்குவாள். அடுக்குகிற கணக்குக்குத்தான் கூலி. என் நோட்டுப் புத்தகம், டிரவுசர், பிளஸ் டூ பரீட்சைப் பணம் எல்லாம் அந்தக் கூலியில் வந்தவை.

"படிப்பு ஏறல" என்ற பேச்சை யார் முதலில் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும், ஊரார் கேட்டபோது சமாளிக்கச் சொல்லியிருப்பார். பிறகு பாட்டி சொன்னாள், நான் சொன்னேன். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது அவளே தன்னைப் பற்றி அப்படிச் சொன்னாள்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய புதிதில் நீ ஒரு கணக்குச் சொன்னாயே, ஞாபகமிருக்கிறதா? ரைட் மில்ஸ் என்று ஒரு அமெரிக்கர், 1959ல் எழுதியது. ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவன் பாடு, அவனிடம் என்ன குறை என்று பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்கிற நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் ஒவ்வொருத்தனிடமும் போய்க் குறை தேடிக்கொண்டிருக்க முடியாது. நான் "இதைச் சொல்ல ஒரு புரொபசர் வேண்டுமா?" என்று சிரித்தேன். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய்.

போன வாரம் டியூட்டியில், கடைசி ட்ரிப்பில், காலி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கணக்கு திரும்ப வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் எங்கள் ஊரிலிருந்து மட்டும் முப்பது, நாற்பது பிள்ளைகள் ஏறுவார்கள். முக்கால்வாசி பெண்பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப்பார், ஒரே பதில்தான் வரும்: படிப்பு ஏறல. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளுக்குமா ஏறாமல் போகும்? அவர்கள் தம்பிமார் எங்களுக்கு மட்டும் எப்படி ஏறியது? இத்தனை வருஷமாக டிக்கெட் எண்ணுகிற வேலை பார்க்கிறேன், இந்த எண்ணிக்கை மட்டும் கண்ணில் படாமலே போய்விட்டது. தீப்பெட்டி வேலையில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1986ல் சட்டம் வந்தது. அத்தைக்கு அப்போது 19 வயது.

இனி உன் படிப்பு விஷயம். பொருளாதாரம் படிக்க வந்தவளைக் கட்டாயப் பாடம் என்று இதில் உட்கார வைத்துவிட்டார்கள், எல்லாம் தெரிந்த விஷயத்தையே தெரியாத இங்கிலீஷில் சொல்கிறார்கள் என்று அழுதாய். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றாய். அது மெதுவாகச் சரியாகும். அன்றைக்குப் படித்ததை ராத்திரி அத்தைக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லிப் பார். சொல்ல வந்துவிட்டால் எழுதவும் வரும்.

அம்மா பட்ட பாட்டையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வீடியோ காலில் உன் மேஜைமேல் தற்கொலை என்று பெயர் போட்ட புத்தகத்தைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, என்னைத்தான் எழுப்பி எழுப்பிக் கேட்டாள். டர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் 1897ல் எழுதியது, ஒருத்தர் உயிரை மாய்த்துக்கொள்வது அவர் மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, எந்தக் கூட்டத்தில் மனிதர்கள் ஒருத்தரோடொருத்தர் ஒட்டி வாழ்கிறார்கள், எங்கே தனித்துப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறுகிறது என்று புள்ளிவிவரத்தை வைத்துக் காட்டினார் என்று நீ சொன்ன பிறகுதான் சமாதானமானாள். ஆனாலும் "வேற புஸ்தகமே கிடைக்கலையா இவங்களுக்கு" என்கிறாள். நீயும் அங்கே தனித்துப் போகாதே. மெஸ்ஸில் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடு.

மெஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து எழுதச் சொன்ன அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்டக்டர் வேலையில் பாதி அதுதான். நீ முதலில் எழுதிய கட்டுரைக்கு 20க்கு 9 போட்டு, "இது உன் கருத்து, ஆதாரம் எங்கே?" என்று எழுதியிருந்தார்கள் என்று அழுதாய். உன்மேல் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் டீச்சர் பக்கம் நியாயம் இருக்கிறது. நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் "கூட்டம் நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று கணக்கு எழுதுகிற வேபில்லைத்தான் கேட்பார். மெஸ்ஸிலும் அப்படித்தான். எந்த மேஜை, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண்ணி எழுது.

எண்ணாமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நம் பக்கத்துப் பொம்பளைகளுக்கு ஊர் சுற்றுவது பிடிக்காது, வீடு உண்டு வேலை உண்டு என்று இருப்பார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. பஸ் நிறைந்துவிட்டது. சந்தைக்கு இரண்டு ஸ்டாப் நடந்தே போய்க்கொண்டிருந்த கிழவிகள் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்கள் ஏறினார்கள். அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் தனியாக இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருகிறாள். பிடிக்கவில்லை என்று நான் நினைத்ததெல்லாம் கையில் காசு இல்லாமல் இருந்ததுதான். ஆம்பளைகள் சிலர் "ஓசி" என்று முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்.

நீ சாத்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் டீச்சர் வடமலாபுரத்தைப் பற்றிச் சொன்னார்கள் என்றாயே, அது எனக்குப் புதுசு. 1916ல் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னாராம், அதில் சிவகாசிப் பக்கத்து வடமலாபுரமும் ஒன்றாம், 1918ல் புத்தகமாகவே வந்ததாம். அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தோடு போன பையனிடமும் அவன் பெரியப்பா ஏதாவது சமாளித்துத்தான் சொல்லியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கேட்கிறவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பதில் சொல்கிறவனுக்கு ஒரு வெட்கம் வந்துவிடுகிறது.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வகுப்பில் ஜாதி பற்றிய பாடம் வந்த அன்று ஒரு பெண் எழுந்து "எங்கள் வீட்டில் ஜாதியே கிடையாது" என்று சொன்னாள், அதன்பிறகு யாருமே பேசவில்லை, நானும் பேசவில்லை என்றாய். உன்னை ரயில் ஏற்றிவிட்டபோது நான் காதோடு சொன்னது உனக்கு ஞாபகமிருக்கும்: யாராவது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள். நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு நான்தான் காரணம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வீட்டில் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் நான் வேலை பார்ப்பது பஸ்ஸில். நம் பக்கம் எத்தனையோ ஊருக்கு இரண்டு ஸ்டாப் இருக்கிறது, ஊர் ஸ்டாப் ஒன்று, காலனி ஸ்டாப் ஒன்று. நடுவே முந்நூறு அடி இருந்தால் அதிகம். ஒருத்தர் எங்கே ஏறினார் என்பது தெரிந்தால் போதும், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவரோடு போவேன். கூட்டமாக இருந்தால் அவர் காலனி ஸ்டாப்பில் நிறுத்த மாட்டார். ஊர் ஸ்டாப்பில் மட்டும் எவ்வளவு கூட்டமிருந்தாலும் நிற்பார். விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றதைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி நடந்திருக்கும், அதற்குப் பிறகுதான் ஊத ஆரம்பித்தேன்.

1997ல் நடந்ததை நீ பாடத்தில் படிப்பாயோ என்னவோ. அப்போதெல்லாம் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பாண்டியன், கட்டபொம்மன், சேரன் என்று பெயர்கள் இருந்தன. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதுக் கழகம் ஒன்று தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்க அரசு முடிவு செய்தது. கட்டபொம்மன் காலத்துத் தளபதி, தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம், உயிர்ச்சேதம். கடைசியில் அந்த ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயர்களும் போயின, மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களும் போயின. நம் மாவட்டமே அதுவரைக்கும் காமராஜர் மாவட்டம்தான். டெப்போவில் பெயின்டர் பஸ் பஸ்ஸாக ஏறிப் பெயரின்மேல் பச்சையை அடித்துக்கொண்டே போனதை டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. உன் வகுப்பு மாதிரியேதான்.

நீ வகுப்பில் எழுந்து பேசித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் அத்தையிடம் கேட்காமல் அனுப்புவது சரியாகப் படவில்லை. முந்தாநாள் சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது போய், "அக்கா, பாப்பாகிட்ட ஒன்னயப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "தெரியும், கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். உள்ளதை எழுதி அனுப்பட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் திடீரென்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பதினாறு பதினாறில் தொடங்கி, நடுவில் எங்கும் தட்டாமல், பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும் போனாள். எனக்குப் பத்துக்கு மேலே டிக்கெட் மிஷின்தான் கைகொடுக்க வேண்டும். "இதையும் சேர்த்து எழுது" என்றாள்.

ஆகவே அத்தை பெயருக்கு எதிரே நீ தட்டி வைத்திருப்பதை அடித்துவிடு. ஐந்தாம் வகுப்பு, முதல் ரேங்க், 1978ல் நிறுத்தப்பட்டாள் என்று போடு. தொழில் என்ற இடத்தில் நான் வீட்டு வேலை என்று சொல்லியிருந்தேன். அதுவும் தப்பு. கல்யாணம் ஆகும்வரை தீப்பெட்டி ஆபீஸ், அதற்கப்புறம் வீட்டிலேயே பெட்டி ஒட்டியது, மாமா போன பிறகு நம் வீட்டோடு வந்து உன்னை வளர்த்தது.

மற்றதை நீயே அவளிடம் கேட்டுக்கொள். எனக்குத் தெரியாதது நிறைய இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் அத்தை நம்பருக்கே போடு. நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுகிறேன், திரும்பி வர மத்தியானம் ஆகும்.

இப்படிக்கு,
அப்பா