தகடு பிரியும் கணத்தில் அளவெடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னணுத் தராசைக் கொண்டு பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பு சுருங்க முயலும் விசை) அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த செய்முறையில் ஒரு திருத்தம் தேவை. கண்ணாடித் தகட்டை நீரிலிருந்து தூக்கி, அது பிரியும் கணத்தில் தராசு காட்டுவதைக் குறிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது, கம்பி வளையத்தைத் திரவத்திலிருந்து இழுத்தெடுத்து அளக்கும் வளைய முறையின் பழக்கம். அங்கேயும் வளையத்தோடு எழும் நீருக்காகத் திருத்தக் காரணி போட்டாக வேண்டும். ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்மியின் பெயரால் வழங்கும் தகட்டு முறையில், கீழ்விளிம்பு நீர்மட்டத்தோடு சமமாக நிற்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும்.

தராசில் தகட்டைத் தொங்கவிட வழி இல்லையென்றால் கவலை வேண்டாம். நீர்க் கிண்ணத்தைத் தராசுத் தட்டில் வைத்து, தகட்டை வெளியே ஒரு தாங்கியில் கட்டுங்கள். பூச்சியம் வைத்துவிட்டுத் திருகால் மெல்ல இறக்கினால், விளிம்பு தொட்டதும் நீர் வெடுக்கென்று ஏறிப் பற்றும். தராசு எதிர்க்குறியில் எடை காட்டும். அந்த உயரத்தைத் திருகில் குறித்துக்கொண்டு, 3 மி.மீ. அமிழ்த்தி, மீண்டும் அதே குறிக்கு ஏற்றிப் படியுங்கள். நனைந்த கண்ணாடியில்தான் சேர்கோணம் (நீர் கண்ணாடியைத் தொடும் கோணம்) சுழியாகும்.

25 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள நுண்ணோக்கி ஸ்லைடைத் தகடாகக் கொண்டால், அதன் கீழ்விளிம்பின் சுற்றளவு 52.4 மி.மீ. நீரின் பரப்பு இழுவிசை 30 டிகிரி செல்சியஸில் 0.0712 நியூட்டன்/மீட்டர் என்பதால், இரண்டையும் பெருக்கி எடையாக மாற்றினால் தராசில் ஏறக்குறைய 0.38 கிராம் குறைய வேண்டும். விளிம்பு 1 மி.மீ. அமிழ்ந்திருந்தால் மிதப்பு விசை 0.03 கிராமை விழுங்கிவிடும். 1 மி.மீ. மேலே நின்றாலோ, அடியில் தொங்கும் நீர் ஏறத்தாழ அதே அளவைக் கூட்டிவிடும். எப்படிப் பார்த்தாலும் 8 விழுக்காடு பிழை! இதற்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 கிராம் தராசுதான் உண்டென்றால் ஸ்லைடை நீளவாட்டில் கட்டலாம், 1.1 கிராம் வரை கிடைக்கும். ஆனால் விளிம்பு துளிகூடச் சாயக்கூடாது, அதுதான் பாடு.

கிண்ணம் 10 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். குறுகலானதில், தகடு இழுத்துக்கொள்ளும் நீராலேயே மட்டம் இறங்கிவிடும்.

விடை குறைவாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விரல் பிசுக்கை. சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு அறவே போகும்வரை அலசி, இடுக்கியால் மட்டும் பிடியுங்கள். வெளியே எடுத்த தகட்டில் நீர் ஒரே படலமாக வடிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் திரும்பவும் கழுவத்தான் வேண்டும். அலசாமல் விட்ட சோப்பும் கிண்ணத்து நீரின் இழுவிசையையே குறைத்துவிடும்.

நீருக்குப் பதில் எத்தனாலை (சாராயத்தை) வைத்தால் கிடைப்பது 0.11 கிராம் அளவே. அதுவும் ஆவியாகித் தராசு எண் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே தகடு தொடுமுன் ஒரு நிமிடமும், எடுத்தபின் ஒரு நிமிடமும் அந்த இறக்கத்தைக் குறித்துக் கழிக்க வேண்டும்.

கட்டுரையோடு வந்த படத்திலும் தகடு நீருக்கு மேலே நிற்கிறது. அதையும் மாற்றி வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆய்வக ஆசிரியர்கள்